முதல் தரப் புழுக்கை

எங்கள் அத்தை முயல் புழுக்கை எண்ணுகிறவள். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எண்ணுவாள். காலை ஆறு மணிக்கு எழுந்து, பல் கூடத் தேய்க்காமல், சமையலறை விளக்கைப் போட்டு, கூண்டுத் தட்டில் கிடப்பதை மேடையில் விரித்த வெள்ளைத் தாளில் கொட்டுவாள். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணுவாள். முடித்ததும், "நூத்தி ஐம்பத்திரண்டு. எல்லாம் ஏ கிரேட்" என்று வீட்டுக்கே கேட்கும்படி அறிவிப்பாள். அதற்கப்புறம்தான் அம்மா அந்த மேடையில் காபி போட முடியும். இதைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கருத்து உண்டு. அதை அப்படியே எழுதினால் தாள் தாங்காது.

அத்தை அப்பாவின் அக்கா. வயது ஐம்பத்தொன்று. பொத்தான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பிரிக்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜையின் மேல்பலகை கண்ணாடி. அடியிலிருந்து வெளிச்சம் வரும். அதன்மேல் பொத்தான்களைப் பரப்பி வைத்து, ஓட்டை தள்ளிப் போனது, ஓரம் சிராய்ந்தது, ஒரு பக்கம் தடித்தது என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே தட்டில் ஒதுக்கிவிடுவாள். நல்லது ஏ, சுமார் பி, உதவாதது ரிஜெக்ட். விரல் தேயாமல் இருக்கக் கட்டைவிரலில் ஒரு ரப்பர் உறை. அங்கே அவளுக்கு 'அரை மில்லி' என்று பட்டப்பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் வந்தது.

இந்த வியாதி தொழிற்சாலையோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாராம். நல்ல உத்தியோகம், நல்ல உயரம். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையில் மூன்றாவது பொத்தானைப் பார்த்தாள். "நாலு ஓட்டை பொத்தான்ல ரெண்டு ஓட்டையில மட்டும் நூல் போட்டிருக்கான். இவன் எதையும் முழுசாச் செய்ய மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். கதை பொய்யாகவும் இருக்கலாம். அப்பா சொன்னது, அப்பா பி கிரேட்.

அம்மாவும் பிதான். வீட்டில் ஏ வாங்கியது முயல் ஒன்றுதான். நான் எந்தப் பெட்டி என்று கேட்க வேண்டாம். பத்தாவதில் கணக்கில் போய்விட்டு, திரும்ப எழுதுகிறேன் என்ற பெயரில் ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறவளை வேறு எந்தப் பெட்டியில் போடுவார்கள்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ரிஜெக்டைக் குப்பையில் கொட்டுவதற்கு முன்னால் அத்தை ஒரு பிடி அள்ளிக் கம்பெனி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். எங்கள் வீட்டுத் தலையணை உறை, அப்பாவின் சட்டை, என் ஸ்வெட்டர் எல்லாவற்றிலும் தொங்குவது அதுதான். ஒன்றைப் போல ஒன்று இருக்காது.

முயலுக்கு வருகிறேன். கூட வேலை செய்த ஒருத்தி வேறு ஊருக்குப் போனபோது, 'ஒரு நாள் வைத்திரு' என்று பொத்தான் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். அந்த ஒரு நாளுக்கு இப்போது மூன்று வயது. சாம்பல் நிறம், தொங்கிய தாடை, எந்த வேலையும் செய்யாமல் நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் ஏளனமாகப் பார்க்கும் பார்வை. நான்தான் பெயர் வைத்தேன். மேனேஜர். அத்தை முதலில் முறைத்தாள். அப்புறம் ஒரு நிமிடம் அதன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

மேனேஜருக்குப் போன வருடம் முதல் தடவையாக வயிறு கெட்டது. காரணம் அப்பா. முயல் என்றால் கேரட் என்று எவனோ பொம்மைப் படத்தில் வரைந்து வைத்திருக்கிறான், அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தினமும் நாலு கேரட் போட்டார். நடுவில் கொஞ்சம் பிஸ்கட். நாலு தெரு தள்ளியிருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் குடும்பத்தோடு போனோம். அவர் மேஜையில் மேனேஜரை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ள போனது முழுக்கக் கீழ் வழியாத்தான் வரணும். அதனால குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். அதை ஓட வைக்கிறது நார். காய்ஞ்ச புல்தான் சாப்பாடு, நாள் முழுக்க மென்னுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் கீரை. பாக்கி எல்லாம் நொறுக்குத்தீனி."

"கேரட்?" என்றார் அப்பா.

"மிட்டாய் மாதிரி. எப்பவாவது ஒரு துண்டு."

"பழம்?"

"அதுவும் மிட்டாய்தான்."

"அப்ப இதுக்கு வாழ்க்கையில சந்தோஷமே கிடையாதா டாக்டர்?"

டாக்டரம்மா இன்னொரு விஷயமும் சொன்னார். முயல் இரண்டு வகையாகப் போகுமாம். ஒன்று நாம் பார்க்கிற காய்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று கொத்தாக வருவது. அதைத் தரையில் விழவிடாமல் குனிந்து நேராக வாயில் வாங்கிச் சாப்பிட்டுவிடும், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அம்மா மேனேஜருக்கு முத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா சும்மா இருந்திருக்கலாம். "தினமும் புழுக்கையைப் பாருங்க. பெரிசா, உருண்டையா, ஒரே அளவா இருந்தா வயிறு நல்லா இருக்குன்னு அர்த்தம். சின்னதானாலோ குறைஞ்சாலோ உடனே வாங்க. அதுதான் அதோட மெடிக்கல் ரிப்போர்ட்" என்றார். அத்தையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலையை வீட்டிலும் செய்யச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்கள்.

இப்படி ஒருத்தி தினமும் வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தால் என்னை மாதிரி ஒருத்தி சும்மா இருக்க முடியுமா?

முதல் நாள் தட்டில் ஒரு பிடி மிளகைக் கலந்து வைத்தேன். அத்தை குனிந்தாள், தும்மினாள், "மிளகை வீணாக்காதே" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வாங்கவில்லை. அடுத்த வாரம் மாவில் காபித்தூள் பிசைந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து இருபது உருண்டை உருட்டினேன். படிப்பில் இந்தப் பொறுமை இருந்திருந்தால் இந்நேரம் கலெக்டர். அத்தை கட்டைவிரலை வைத்ததும் நிறுத்தினாள்.

"இது கையால உருட்டினது."

"எப்படிச் சொல்ற?"

"உருட்டினதுல ஒரு மடிப்பு இருக்கும். அவனுக்கு மடிப்பு விழாது. ஏண்டி, கம்பெனிக்குச் சரக்கு குடுக்கறவங்களே இருபத்திரண்டு வருஷமா என்னை ஏமாத்த முடியலை, நீ ஏமாத்திடுவியா?"

"ஏமாத்திட்டா?"

"தொடர்ந்து மூணு நாள் ஏமாத்து பாப்போம். ஒரு மாசம் உன் முறைக்கும் சேர்த்துக் கூண்டை நான் கழுவறேன். மாட்டிக்கிட்டா ஒரு மாசம் நீ கழுவணும். கூடவே கணக்குப் புத்தகத்தைத் தொறக்கணும்."

புத்தகத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். அதற்கப்புறம் அது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

செல்லப்பிராணிக் கடையில் கெஞ்சி வேறொரு முயலின் புழுக்கை ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அத்தை ஒரே பார்வையில், "இது வேற வீட்டுச் சரக்கு" என்றாள். ஆனால் அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வேற வீட்டுச் சரக்கு செல்லாது என்றால் சொந்த வீட்டுச் சரக்கு? எண்ணி முடித்ததை அத்தை பால்கனி வாளியில் கொட்டி வைப்பாள், செடிக்கு உரம். அதில் நேற்றையது மேலேயே கிடக்கும். மேனேஜர் போட்டது, அத்தையே ஏ கிரேட் கொடுத்தது. அதை விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்து, செடிக்கு அடிக்கிற பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்து, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் வைத்தால் புதுசு மாதிரியே ஆகிவிட்டது. தட்டில் இருக்கும் இன்றையதை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நேற்றையதைத் தட்டில் பரப்ப வேண்டும். வெற்றி விழாவில் காட்டுவதற்காக உறையின் மேல் நாளும் எழுதி என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஒரே தொல்லை மேனேஜர். தட்டை யாராவது தொட்டால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு குத்து விடுவான். அந்தச் சத்தத்துக்கு அத்தை எழுந்துவிடுவாள். அவன் வாயை அடைக்க ஒரு வழிதான் இருந்தது. வாழைப்பழம். ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலமே ஒரு துண்டு கொடுத்து ருசி காட்டி வைத்தேன்.

முதல் நாள் ஒரு துண்டு கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றான், கால் அசையவில்லை. ஆறு மணிக்கு அத்தை எண்ணினாள். கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருந்தது. "நூத்தி நாற்பத்தெட்டு. ஏ கிரேட்." நான் போர்வைக்குள் சிரித்ததில் கட்டில் ஆடியது.

இரண்டாம் நாள் ஒரு துண்டுக்கு மசியவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினான். பாதிப் பழம் கொடுத்தேன். தட்டைப் பார்த்தபோது அன்றைய நிஜச் சரக்கு கொஞ்சம்தான் இருந்தது. சின்னச் சின்னதாக, ரோமத்தில் கோத்து மாலை மாதிரி. 'அடடா, நகை செய்கிறான்' என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். உறையில் போட்டு மூடினேன். முதல் நாள் அத்தை வாளியில் கொட்டியதையே இன்னொரு தடவை ஈரம் காட்டி வைத்தேன். அதுவும் ஏ கிரேட்.

மூன்றாம் நாள் தட்டில் எதுவுமே இல்லை. ஒன்று கூட இல்லை. எடுக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, பழையதையே பரப்பினேன். பழத்தை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'திமிர்' என்று சொல்லிவிட்டு, அவனுக்கு வைத்ததை நானே தின்றேன்.

"நூத்தி நாற்பத்தேழு! ஒண்ணு குறையுது, பரவாயில்லை. மேனேஜர் சார் கலக்கறார்" என்று சொல்லிவிட்டு அத்தை ரப்பர் உறையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கதவு சாத்தியதும் நான் கூடத்தில் ஒரு ஆட்டம் போட்டேன். இருபத்திரண்டு வருடச் சாதனை, முறியடித்தது பத்தாம் வகுப்பு பெயில்.

பத்தரை மணிக்கு வெற்றிச் செய்தியை மேனேஜரிடமும் சொல்லலாம் என்று போனேன். அவன் கூண்டின் மூலையில் மூட்டை மாதிரி குறுகி உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. கிட்டே போனால் பல்லைக் கடிக்கிற சத்தம், நறநறவென்று. காதைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. வயிற்றில் கை வைத்தேன், காற்றடித்த பந்து. கொத்தமல்லியை மூக்கில் வைத்தேன். பழத்தைத் தட்டில் வைத்தேன். அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காத என் விரலைக் கூட நீட்டினேன், கடிக்கவில்லை.

புல் வைக்கிற கம்பிக் கூடை நிரம்பி வழிந்தது. அதை ரொப்புவது என் வேலை. நான் மூன்று நாளாக ரொப்பவே இல்லை.

அப்போதுதான் காலியாக இருந்த தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் கிடந்த ரோம மாலையும். டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகத்துக்கு வந்தது. கணக்கில் பெயிலான எனக்கும் அந்தக் கணக்கு மட்டும் வந்துவிட்டது. இவன் புழுக்கை போட்டு முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. அது இந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. வாசல் காவலாளிக்குப் போன் செய்தேன்.

"மேனேஜருக்கு ரொம்ப முடியலைன்னு எங்க அத்தைகிட்ட உடனே சொல்லுங்க."

"யாருக்கு? இப்பதானே காரை விட்டு இறங்கி உள்ள போனாரு?"

"ஐயோ, இது எங்க வீட்டு மேனேஜர். அண்ணே, நீங்க அப்படியே சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்."

இருபத்திரண்டு வருடத்தில் அத்தை பாதி வேலையில் எழுந்து வந்தது அன்றைக்குத்தான். மேல்கோட்டைக் கழற்றவில்லை, கட்டைவிரல் உறையைக் கூடக் கழற்றவில்லை. மேனேஜரைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நான் அந்த இடைவெளியில் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இரண்டு உறைகளையும் என் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

நாலு தெருவையும் ஓடாத குறையாக நடந்தோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள்.

"பயப்படாதே. காலைல நல்லாப் போட்டிருக்கான், நானே பாத்தேன். குடல் ஓடுது. வெறும் வாயுவாத்தான் இருக்கும்."

"ம்."

"எதுக்குடி அழற?"

"தூசி."

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "உள்ள சத்தமே இல்லையே. கடைசியா எப்ப போட்டுது?"

"இன்னைக்குக் காலைல டாக்டர். நூத்தி நாற்பத்தேழு. ஏ கிரேட்" என்றாள் அத்தை. தட்டின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. "காலை வரைக்கும் நல்லாப் போட்டு, அதுக்குள்ள வயிறு இப்படி உப்பிடுச்சுன்னா எங்கயோ திடீர்னு அடைச்சிருக்கணும். துணி, ரோமம், எதையாவது முழுங்கியிருக்கும். அப்படின்னா வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாது. குடலை ஓட்டற மருந்தும் போட முடியாது, போட்டா கிழிஞ்சிடும். வயித்தைத் தொறந்து பாக்கற மாதிரி ஆகலாம். இந்த நிலைமையில மயக்க மருந்து தாங்குமான்னு சொல்ல முடியாது."

அத்தை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வேற மாதிரி இருக்க வாய்ப்பே இல்லையா?"

"ரெண்டு மூணு நாளாக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு நின்னிருந்தா வேற. அது குடல் சோர்ந்து போனது, மருந்துலயே பாக்கலாம். ஆனா நீங்கதான் தினமும் எண்ணறீங்களே."

நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டர், காலைல போட்டது அவன் இல்லை."

"பின்ன யாரு?"

"நான்."

டாக்டரம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அதாவது, நான் வெச்சது. பழசு. மூணு நாளா."

உறைகளை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று சறுக்கிக் கீழே விழுந்தது. அத்தை குனிந்து எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் உறையை டாக்டரம்மாவின் எஃகு மேஜையில் கொட்டி விரலால் பரப்பினாள்.

"பாதி ஏ. பாதி பி" என்றாள்.

இரண்டாவது உறை. அந்த ரோம மாலை. அத்தை அதை விரல் நுனியில் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"ரிஜெக்ட். இதை நேத்து நான் பாத்திருந்தா..."

அதை மற்றதிலிருந்து தள்ளி, மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"மூணாவது?" என்றார் டாக்டரம்மா.

"மூணாவது இல்லை. இன்னைக்கு ஒண்ணுமே இல்லை."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"வாழைப்பழம் குடுத்தேன். சத்தம் போடாம இருக்கறதுக்கு."

"எவ்வளவு?"

விரலால் காட்டினேன். அப்புறம் பொய் சொல்கிற பழக்கத்தில் விரலைச் சின்னதாக வைத்திருப்பது தெரிந்து, பெரிதாக்கினேன். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இனிப்பு போய் வயித்தை நிறைச்சிருக்கு, புல்லை விட்டுட்டான். நார் இல்லாம குடல் நின்னு, வாயு கட்டி, வலியில மறுபடி சாப்பிடாம இருக்கான். சரி, எக்ஸ்ரே படம் எடுத்து உறுதிபண்ணிக்கலாம். அடைப்பு இல்லைன்னா உடனே ஆரம்பிச்சிடலாம். நல்ல வேளை சொன்னே."

படத்தில் அடைப்பு இல்லை. வலிக்கு ஒரு ஊசி, குடலுக்கு ஒரு ஊசி. தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார்கள், மேனேஜருக்குத் தோள்பட்டையில் திமில் முளைத்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பேன்.

டாக்டரம்மா புல்தூள் பொட்டலமும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தார். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரைச்சு ஊட்டுங்க. பட்டினி போட்டுடாதீங்க, முயல் வயிறு காலியா இருந்தா நின்னே போயிடும். உடம்பைச் சூடா வெச்சிருங்க. கொஞ்சம் நடக்க விடுங்க. நாளைக் காலைக்குள்ள புழுக்கை வரணும்." வராவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதைவிடக் கொடுமை வேறு கிடையாது. திட்டினால் திருப்பிச் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது.

ஊட்டுவது இரண்டு ஆள் வேலை. அத்தை துண்டோடு மடியில் அமுக்கிப் பிடிப்பாள். நான் சிரிஞ்சைப் பல்லுக்குப் பக்கவாட்டில் நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவேன். அவன் தலையை உதறினால் பாதி என் முகத்தில். முதல் தடவை முடிந்தபோது என் புருவம் வரை பச்சை. அம்மா பக்கத்தில் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றியபடி, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க தம்பிக்கு நான் ஒரு வாய் ஊட்டினதில்லை அண்ணி" என்றாள்.

"அவன் வயிறு நிக்கலையே. நின்னா ஊட்டு."

சாயங்காலம் தம்பி வந்தார், அதாவது அப்பா. விஷயம் தெரியாமல் கூண்டுப் பக்கம் போய்ச் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் போட்ட சத்தத்தில் பிஸ்கட் கீழே விழுந்தது. அத்தை அதை எடுத்து ஊதிவிட்டுத் தானே தின்றாள். காலையிலிருந்து அவள் சாப்பிட்ட முதல் வாய் அதுதான்.

ஆறு மணி ஊட்டலின்போது என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, திட்டிடு."

"கையை ஆட்டாதே. அவனுக்கு மூக்குல ஏறும்."

"ரெண்டு அடி வேணும்னா போடு."

"நேரம் இல்லை. துடை அவன் வாயை." கொஞ்ச நேரம் கழித்து, மேனேஜரின் வயிற்றை விரலால் வட்டமாகத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உன் சரக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதான் பாஸ் பண்ணேன். புல்லுக்கூடை குறையாம இருந்ததும் கண்ணுல பட்டுச்சு. நீ ரொப்பியிருப்பேன்னு நினைச்சேன். தினமும் தட்டைத்தான் பாத்தேனே தவிர, இவன் மூஞ்சியை ஒரு தடவை பாக்கலை."

"ஏன், மூஞ்சியில என்ன இருக்கு?"

"இப்பப் பாரு. நேத்தும் இப்படித்தான் இருந்திருக்கும்."

பார்த்தேன். அன்றைக்கு நான் சிரிக்க வைக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அலாரம் வைத்து அலாரம் வைத்து ஊட்டினோம். காலை ஐந்தரைக்கு என் கண் தானாக விழித்தது. கூண்டுப் பக்கம் ஊர்ந்து போனேன். தட்டின் நடுவில் ஒரே ஒரு புழுக்கை.

"அத்தை! அத்தை!"

அத்தை தடுக்கி விழாத குறையாக ஓடி வந்தாள். தட்டைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அப்படியே நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"இது உன்னோடதா, அவனோடதா?"

"சத்தியமா அவனோடது அத்தை!"

"உன் சத்தியத்தைக் கொண்டு போய் வாளியில போடு."

"நான் இப்பதான் எழுந்தேன்! அம்மாவைக் கேளு!"

"அவ தூங்கறா, அவளுக்கு என்ன தெரியும்? என் மனசு தேறட்டும்னு வெச்சியா? உண்மையைச் சொல்லு. திட்ட மாட்டேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். அப்படி வைத்தால் என்ன என்று ராத்திரி ஒரு தடவை எனக்கும் தோன்றியது. வைக்கவில்லை. ஆனால் தோன்றியது.

அத்தை அந்தப் புழுக்கையைக் கட்டைவிரலில் வைத்து உருட்டினாள். முகர்ந்தாள். விளக்கில் பார்த்தாள். இருபத்திரண்டு வருடக் கட்டைவிரல் அன்றைக்கு அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அதைத் தட்டில் போட்டுவிட்டு, கூண்டுக் கதவைத் திறந்து மேனேஜரைத் தரையில் விட்டாள். தானும் தரையில் படுத்தாள், கன்னத்தைத் தரையில் வைத்து, அவன் பின்புறத்துக்கு நேராக.

"என்ன பண்றே அத்தை?"

"என் கண்ணால பாக்கறேன். நீ அந்தப் பக்கம் படு. கையை எனக்குத் தெரியற மாதிரி வை."

படுத்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டினேன், போலீசிடம் மாட்டிய திருடி மாதிரி. மேனேஜர் எங்கள் நடுவில் நின்று யோசித்தான். இரண்டடி நடந்தான். நாங்களும் இரண்டடி ஊர்ந்தோம். அவன் திரும்பினால் அத்தை திரும்பினாள். சோபாவுக்கு அடியில் போனான், அத்தையின் தலையும் போனது. ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. அம்மா எழுந்து வந்து, தரையில் கிடக்கும் இரண்டு பேரையும் ஒரு முயலின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, எங்களைத் தாண்டிப் போய் விளக்கைப் போட்டாள்.

"கம்பெனிக்கு நேரமாகலையா அண்ணி?"

"உஷ்."

புல்கட்டு பக்கத்தில் இருந்தது. மேனேஜர் கழுத்தை நீட்டி ஒரு புல்லை இழுத்தான். மென்றான். அந்தச் சத்தம், காய்ந்த புல் நொறுங்குகிற சத்தம், எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று எழுத வராது, எழுதினாலும் என் கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். இன்னொரு புல்லை இழுத்தான். வாலைக் கொஞ்சம் தூக்கினான்.

விழுந்தது.

அத்தை பாய்ந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சின்னது. கோணல். ஒரு பக்கம் சப்பை, நடுவில் ரோமம் நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை கண்ணாடியைத் தேடவில்லை. மறு கையால் அதை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"சூடா இருக்குடி" என்றாள். "சூடா இருக்கு. இதை உன்னால பண்ண முடியாது."

"முடியாது அத்தை."

"ரிஜெக்ட்" என்று தீர்ப்புச் சொன்னாள். சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை. நேற்றிலிருந்து கழற்றாத மேல்கோட்டின் பையைத் திறந்து, ரிஜெக்ட் பொத்தானைப் போடுவது போலவே அதைப் பத்திரமாகப் போட்டுக்கொண்டாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, சொல்லிட்டேன். அந்தக் கோட்டை நான் துவைக்க மாட்டேன்."